காருக்குள் பாட்டு வந்த கதை

இந்த முறை கார் ஸ்டீரியோ பற்றி எழுதப் போகிறேன். "கார் ஓட்டவே தெரியாத உமக்கு இதெல்லாம் எதற்கு?" என்று கேட்பீர்கள். காரணம் இருக்கிறது. போன மே மாதம் ஒரு ஸ்டீரியோ எங்கள் நால்வரையும் பூண்டிப் பக்கம் நடுரோட்டில் இறக்கி விட்டது. அதற்கு வருமுன் பழைய கதையைக் கொஞ்சம் சொல்லி விடுகிறேன்.

நான் பிறந்து வளர்ந்தது புதுச்சேரி. பிரெஞ்சு வழியில் படித்தவன். எங்கள் தெருவில் ஒரு சொல்தா இருந்தார். பிரெஞ்சுப் படையில் வேலை பார்த்து பென்ஷன் வாங்குபவர்களை அங்கே அப்படித்தான் சொல்வோம். அவரிடம் ஒரு பெழோ 404 கார், அதில் ஒரு ரேடியோ. சாயங்காலம் வண்டியை வாசலில் நிறுத்தி இலங்கை வானொலி வைப்பார். பிள்ளைகள் சுற்றி நிற்போம். எஞ்சினைக் கிளப்பினால் பாட்டோடு கொரகொரவென்று ஓர் இரைச்சலும் வரும். ஸ்பார்க் பிளக்கில் தெறிக்கும் பொறி ரேடியோவுக்குள்ளும் புகுந்து விடுகிறது, அதை அடக்கத்தான் கண்டன்சர் போடுகிறார்கள் என்று அவர்தான் எனக்குச் சொன்னார்.

பிரெஞ்சில் ரேடியோப் பெட்டிக்கு 'லெ போஸ்த்' என்று பெயர். தபால் ஆபீசுக்கு 'லா போஸ்த்'. முதலாவது ஆண்பால், இரண்டாவது பெண்பால். பின்னாளில் நான் தபால் இலாகாவில் குமாஸ்தாவாகச் சேர்ந்தபோதுதான் இரண்டுக்கும் உள்ள உறவு புரிந்தது. நம் நாட்டில் 'லெ போஸ்த்' வைத்திருப்பவர் 'லா போஸ்த்'துக்கு வந்து பணம் கட்டியாக வேண்டும்! 1933-ம் ஆண்டின் கம்பியில்லாத் தந்திச் சட்டப்படி ரேடியோவுக்கு லைசென்ஸ் உண்டு. ஆண்டுக்கு 15 ரூபாய். வீட்டில் இருந்தாலும் காரில் இருந்தாலும் லைசென்ஸ் இல்லாமல் வைத்திருக்கக் கூடாது. சின்னப் புத்தகத்தில் முத்திரை குத்திக் கொடுப்போம். 1980களின் நடுவில்தான் அந்த வழக்கம் ஒழிந்தது. இன்றைய பிள்ளைகளிடம் சொன்னால் நம்ப மாட்டேன் என்கிறார்கள்.

காரில் ரேடியோ வைக்கும் வியாபாரத்தைப் பெரிய அளவில் தொடங்கியவர் அமெரிக்காவின் பால் கால்வின். 1930-ல் தன் ஸ்டூட்பேக்கர் காரில் ஒரு பெட்டியைப் பொருத்தி, ரேடியோ உற்பத்தியாளர்கள் கூடிய அட்லாண்டிக் சிட்டிக்கு ஓட்டிக்கொண்டு போனார். அந்தப் பெட்டிக்கு அவர் வைத்த பெயர்தான் மோட்டரோலா. அப்போது எல்லாம் வால்வு ரேடியோ. பெட்டியும் பெரிது, பேட்டரியையும் உறிஞ்சி விடும். டிரான்சிஸ்டர் வந்த பிறகே கார் ரேடியோ கைக்கு அடக்கமானது. 1963-ல் பிலிப்ஸ் கம்பெனி கேசட்டைக் கொண்டு வந்தது. ஃபோர்டு கம்பெனி 1966-ம் ஆண்டு மாடல் மஸ்டாங் காரிலேயே எட்டு டிராக் டேப் வைத்துக் கொடுத்தது. வேகமான காரில் பாட்டும் வேண்டும் என்ற ஆசை அவ்வளவு பழையது.

இந்தக் கதையில் நம்மவர் ஒருவரும் உண்டு. அமர் போஸ். பிரிட்டிஷ் அரசிடமிருந்து தப்பி அமெரிக்கா போன வங்காள விடுதலைப் போராட்டக்காரர் ஒருவரின் மகன், எம்.ஐ.டி. பேராசிரியர். காருக்குள் கண்ணாடி ஒலியைத் திருப்பி அடிக்கிறது, சீட் மெத்தை விழுங்கி விடுகிறது, உட்கார்ந்திருப்பவருக்கு ஒரு ஸ்பீக்கர் கிட்டே, இன்னொன்று தூரே. ஆகவே எந்தக் காருக்கு என்று பார்த்து அதற்கேற்பத்தான் ஸ்டீரியோ செய்ய வேண்டும் என்றார். ஜெனரல் மோட்டார்ஸ் அதை ஏற்று 1983 மாடல் கார்கள் சிலவற்றில் வைத்தது. அடுத்த ஆண்டு கார்வெட் என்னும் ஸ்போர்ட்ஸ் காரிலும் கூடுதல் பணம் கொடுத்தால் கிடைத்தது. ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் தனித்தனி ஆம்ப்ளிஃபயர். கம்பெனி ஸ்டீரியோ என்றாலே மட்டம் என்று இருந்த எண்ணத்தை மாற்றியது அது.

நம் ஊரில் கதை வேறு. அம்பாசடரும் பத்மினியும் ஹெரால்டும் பெரும்பாலும் ரேடியோ இல்லாமலே வந்தன. வாங்கியவர் வேண்டுமானால் தாமே வைத்துக்கொள்ளலாம். எனவே கார் வாங்கியதும் சென்னைக்குப் போவார்கள். பீச் ஸ்டேஷன் எதிரே பர்மா பஜாரில் வெளிநாட்டுக் கேசட் செட், ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் ஸ்பீக்கர், சீட் கவர், மற்றவை எல்லாம். பின் கண்ணாடிக்குக் கீழே பலகையை வட்டமாக வெட்டி ஸ்பீக்கரை இறக்குவார்கள். விளக்கு ஏறி இறங்கும் ஈக்வலைசர் இருந்தால் அந்த டாக்சிக்கு மவுசு அதிகம். 'வெட்டிப் பொருத்துவது' என்ற பழக்கம் நமக்கு அப்படி வந்தது. கம்பெனி ஒன்றும் கொடுக்காத காலத்தில் அதைத் தவறென்று சொல்ல முடியாது.

இப்படி எந்தச் செட்டையும் எந்தக் காரிலும் வைக்க முடிந்ததற்கு ஜெர்மானியர்களுக்கு நன்றி சொல்ல வேண்டும். ஸ்டீரியோ வைக்கும் பொந்து 180 மில்லிமீட்டர் அகலம், 50 மில்லிமீட்டர் உயரம் என்று அவர்கள் போட்ட அளவை உலகமே எடுத்துக்கொண்டது. கடைக்காரர் 'டின்', 'டபுள் டின்' என்று சொல்வது அதைத்தான். டபுள் என்றால் உயரம் இரு மடங்கு.

இனி எங்கள் வீட்டுக் கதை. என் மனைவிக்கு ஊர் ஊத்துக்கோட்டை. ஓய்வு பெற்றதும் நாங்களும் இங்கேயே வந்து விட்டோம். 1998-ல் திருவள்ளூரில் இந்துஸ்தான் மோட்டார்ஸ் ஆலையில் மிட்சுபிஷி லான்சர் கார் செய்யத் தொடங்கியபோது என் மைத்துனர் அங்கே வேலைக்குச் சேர்ந்தார். டாஷ்போர்டு பொருத்தும் பகுதியில் வேலை. வயர் கட்டை இழுத்து, கப்ளரைச் சொருகி, 'டக்' என்று சத்தம் கேட்ட பிறகுதான் அடுத்த வண்டிக்குப் போவோம் என்பார்.

அந்த லான்சர் வகை வண்டியில்தான் பின்லாந்தின் டோமி மாகினென் 1996 முதல் 1999 வரை தொடர்ந்து நான்கு முறை உலக ராலி சாம்பியன் ஆனார். அதனால் 2006-ல் திருவள்ளூரிலிருந்து சீடியா வந்தபோது, நான்கு கதவுள்ள குடும்பக் கார்தான் என்றாலும், 2 லிட்டர் எஞ்சினைக் கண்டு நம் பையன்கள் அதை ஸ்போர்ட்ஸ் கார் கணக்கிலேயே சேர்த்தார்கள். மைத்துனரின் மகன் கும்மிடிப்பூண்டியில் வேலை செய்கிறான். பழைய சீடியா ஒன்றை ஆசையாக வாங்கினான். வாங்கிய மாதமே ஸ்டீரியோவைக் கழற்றி எறிந்து விட்டு, புதுச் செட், ஆம்ப்ளிஃபயர், டிக்கியில் ஊபர் என்று எல்லாம் வைத்தான்.

"நல்லாத்தானே இருந்தது?" என்றார் மைத்துனர்.

"கம்பெனி செட்டுல பேஸ் வராதுப்பா" என்றான் பையன்.

அவர் பேசவில்லை. அன்று இரவு என்னிடம் மட்டும், "மாமா, நாங்க சொருகின கப்ளரைப் பிளேடால வெட்டியிருக்காங்க" என்றார்.

மே மாதம் திருவள்ளூரில் ஒரு கல்யாண வரவேற்பு முடிந்து இரவில் திரும்பினோம். பையன், அவன் அப்பா, நான், என் மனைவி. பூண்டி தாண்டும்போது பிளாஸ்டிக் கருகும் நாற்றம். டாஷ்போர்டுக்குக் கீழே புகை. பையன் வண்டியை ஓரம் கட்டினான். மைத்துனர் எங்களை இறங்கச் சொல்லி விட்டு, ஒரு ஸ்பேனரை எடுத்து பேட்டரியின் நெகடிவ் டெர்மினலைக் கழற்றினார். புகை அடங்கியது. இன்னும் ஐந்து நிமிடம் போயிருந்தால் என்ன ஆகியிருக்குமோ.

மறுநாள் வீட்டு வாசலில் வைத்துப் பிரித்துப் பார்த்தார். பேட்டரியிலிருந்து ஆம்ப்ளிஃபயருக்கு ஒரு தடித்த வயர் நேராகப் போகிறது. ஃபியூஸ் கிடையாது. எஞ்சின் பக்கத்திலிருந்து உள்ளே வரும் தகட்டில் துளை போட்டவர், வயருக்கு ரப்பர் வளையம் போடவில்லை. வண்டி ஆட ஆட, தகட்டு விளிம்பு வயரின் மேல் தோலை அறுத்து விட்டது. செம்பு தகட்டில் பட்டதும் வயர் சூடேறிக் கருகியது. வெட்டிய வயர்களை முறுக்கி ஒட்டிய டேப்பும் வெயிலில் பசை இளகிக் கழன்று தொங்கியது.

பையனைத் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டவில்லை. "ஸ்டீரியோ மாத்துறது தப்பில்லடா. வெட்டுறதுதான் தப்பு" என்றார். அடுத்த ஞாயிறு இருவரும் ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டுக்குப் போய், ஒரு முனை காரின் வயருக்கும் மறுமுனை புதுச் செட்டுக்கும் பொருந்துகிற கப்ளர் வாங்கி வந்தார்கள். வெட்டுப்பட்ட வயர்களை ஈயம் வைத்துப் பற்றவைத்து மூடினார். பேட்டரிக்குப் பக்கத்திலேயே ஃபியூஸ் வைத்தார். ஊபரை எடுத்து விட்டு, கதவில் இருந்த பழைய காகித ஸ்பீக்கர்களுக்குப் பதில் நல்ல ஸ்பீக்கர் போட்டு, கதவுத் தகடு அதிராமலிருக்க உள்ளே ஷீட் ஒட்டினார். டாஷ்போர்டு கிளிப் ஒன்றுகூட உடையாமல் கழற்றி மாட்டினார். இருபது வருடத்துக்கு முன் தினமும் செய்த வேலை, கை மறக்கவில்லை. பையன் பக்கத்தில் உட்கார்ந்து டார்ச் பிடித்தான். அப்பாவுக்கு என்ன வேலை தெரியும் என்பதை அன்றுதான் அவன் பார்த்தான் என்று நினைக்கிறேன்.

இப்போது பாட்டு எப்படி இருக்கிறது? என் காதுக்குப் போதுமான அளவு நன்றாக இருக்கிறது. பேஸும் வருகிறதாம், பையன் சொல்கிறான்.

அந்தத் திருவள்ளூர் ஆலையில் இன்று பிரெஞ்சுக் கம்பெனியான சித்ரோயன் கார் செய்கிறார்கள். 2021-ல் சி5, மறு வருடம் சி3 வந்தன. ரோட்டில் அந்தப் பெயரைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குப் புதுச்சேரி நினைவுதான். இக்காலக் கார்களில் பாட்டு, போன், பின்பக்கக் கேமரா எல்லாம் ஒரே திரைக்குள் அடங்கி விட்டன. பொந்தும் இல்லை, அளவும் இல்லை. கழற்றி மாற்றுவது சுலபமில்லை. காலி பொந்தோடு கார் வந்த காலத்திலிருந்து, கை வைக்க முடியாத காலம் வரை பார்த்து விட்டேன்.

உங்கள் வீட்டுப் பிள்ளைகள் ஸ்டீரியோ மாற்றப் போனால் தடுக்காதீர்கள். "ஃபியூஸ் வைத்தாயா? வயரை வெட்டாமல் கப்ளர் போட்டாயா?" என்று இரண்டு கேள்வி மட்டும் கேளுங்கள். அதை முதலில் பொருத்தியவரும் ஒரு வீட்டுத் தகப்பன்தான்.