ஞாயிறு 2 மணி முதல் 7 மணி வரை

2006ல் என் பெற்றோர் விவாகரத்து ஆனபோது எனக்கு எட்டு வயது. அதற்குப் பிறகு லிட்டில் இந்தியா எம்ஆர்டியின் தேக்கா மார்க்கெட் பக்க வாசல்தான் எங்கள் குடும்பத்தின் எல்லைக்கோடு. ஞாயிறு மதியம் 2 மணிக்கு அம்மா என்னை அங்கே விடுவார். 7 மணிக்கு அப்பா திருப்பிக் கொண்டுவந்து விடுவார். வெளிநாட்டு ஊழியர்களின் ஓய்வுநாள், தேக்காவில் கால் வைக்க இடமிருக்காது. அந்தக் கூட்டத்தில் இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்க்காமல் இருப்பது சுலபம்.

‘அம்மா ஜெயிச்சாங்க, அப்பா தோத்துட்டார்’ என்றுதான் எனக்குப் புரிந்திருந்தது. போன வருஷம் வீடு மாறும்போது அம்மாவின் ஃபைலில் நீதிமன்ற ஆணை கிடைத்தது. நான் வசிப்பது அம்மாவுடன், ஆனால் கஸ்டடி இருவருக்கும் என்று இருந்தது. அது எப்படி என்று தேடப் போனேன்.

1826ல் இரண்டாவது நீதிச் சாசனத்தோடு ஆங்கிலச் சட்டம் இங்கே வந்தபோது, அந்தச் சட்டத்தில் பிள்ளை தகப்பனுக்கே. இங்கிலாந்தில் கரோலின் நார்ட்டன் என்ற எழுத்தாளரின் மூன்று மகன்களைக் கணவர் பிரித்து வைத்தார். அவர் போராடியதால் 1839ல் ஒரு சட்டம் வந்தது. ஏழு வயதுக்குட்பட்ட பிள்ளையைத் தன்னிடம் தரும்படி தாய் நீதிமன்றத்தைக் கேட்கலாம். கேட்கலாம், அவ்வளவுதான்.

சிங்கப்பூரின் சிறார் பாதுகாவல் சட்டம் 1934ஆம் ஆண்டினது. பிள்ளையின் நலனே முதன்மை என்கிறது அது. 1961 மாதர் சாசனம், முஸ்லிம் அல்லாதோருக்குப் பலதார மணத்தை ஒழித்தது. பிள்ளை வளர்ப்பில் கணவன், மனைவி இருவரும் ஒத்துழைக்கக் கடமைப்பட்டவர்கள் என்றும் சொன்னது.

ஆனாலும் சண்டை ஓயவில்லை. 2005ல் மேல்முறையீட்டு நீதிமன்றம், பெயர்களுக்குப் பதில் எழுத்துகளால் குறிக்கப்பட்ட ஒரு வழக்கில், இரண்டு விஷயங்களைப் பிரித்துக் காட்டியது. பிள்ளை யாருடன் வசிப்பது என்பது ஒன்று. படிப்பு, மதம், மருத்துவம் போன்ற பெரிய முடிவுகளை யார் எடுப்பது என்பது வேறொன்று. முன்னது ஒருவரிடம் இருக்கலாம். பின்னதை ஒருவருக்கு மட்டும் கொடுப்பது விதிவிலக்காகவே இருக்கவேண்டும் என்றது. என் வீட்டு ஆணை அதற்கு அடுத்த வருஷம் வந்தது.

மரியா ஹெர்டோக் வழக்கு நம் எல்லாருக்கும் தெரியும். 1950ல் அவளை வளர்ப்புத் தாயிடமிருந்து எடுத்துப் பெற்றோருக்குக் கொடுத்த தீர்ப்பைத் தொடர்ந்து கலவரம், 18 பேர் சாவு. 2005 தீர்ப்புக்கு யாரும் தெருவுக்கு வரவில்லை. ஆனால் எத்தனையோ வீடுகளுக்குள் நுழைந்தது அதுதான்.

சட்டம் பெரிய முடிவுகளைத்தான் பங்கிட முடியும். காய்ச்சல் வந்தால் யார் லீவு போடுவது, தீபாவளிச் சட்டை யார் எடுப்பது என்பதற்கெல்லாம் ஆணை கிடையாது. ‘அப்பாகிட்ட சொல்லு’, ‘அம்மாகிட்ட கேளு’ என்று தூது போனது நான்தான். 2024 ஜூலை 1 முதல், 21 வயதுக்குட்பட்ட பிள்ளைகள் உள்ளவர்கள் பொதுவாக விவாகரத்துக்கு விண்ணப்பிக்கும் முன் பெற்றோருக்கான வகுப்புக்குப் போகவேண்டும். நல்லதுதான்.

ஆணையைப் பற்றி அப்பாவிடம் கேட்டேன். “உன் ஸ்கூல் ஃபாரத்துல ரெண்டு கையெழுத்து இருக்குமே, பார்த்ததில்லையா?” என்றார்.

பார்த்திருக்கிறேன். அம்மா பாவம் பார்த்துப் போடவிட்டார் என்றே இத்தனை வருஷம் நினைத்திருந்தேன்.