கிழங்கும் கிரீடமும்

பகலுணவு வேளை. நம் வகுப்பிலே ஒரு மாணவி மட்டும் ஏனத்தின் மூடியைப் பாதி திறந்து, மறு கையால் மறைத்து உண்கிறாள். உள்ளே என்ன? களவுப் பொருளா? அவித்த மரவள்ளிக்கிழங்கு! ஊரார் உழைப்பைச் சுரண்டியவன் நெஞ்சு நிமிர்த்தி நடக்கிறான். உழைத்தவன் மகள் உண்பதற்கு நாணுகிறாள். இந்த நாணத்தின் வரலாற்றை நாம் அறிய வேண்டாமா?

மரவள்ளியின் தாயகம் தென் அமெரிக்கா. அங்குள்ள பழங்குடியினர் பண்படுத்திய அப்பயிர், போர்த்துகீசியர் கலங்களில் கடல் கடந்து வந்தது. 1880 முதல் 1885 வரை திருவிதாங்கூரை ஆண்ட விசாகம் திருநாள் அதனைப் பரப்பினார். ஏழை வீட்டில் அது ஆற்றும் பணிதான் எத்தனை! உப்பிட்டு அவித்தால் உணவு, கருவாட்டுக் குழம்போடு சேர்ந்தால் விருந்து, துருவினால் அடை, சீவி உலர்த்தினால் மழைக்காலச் சேமிப்பு, மாவெடுத்தால் சவ்வரிசி, துணிக்குக் கஞ்சி, தண்டை நறுக்கி நட்டால் அடுத்த விளைச்சல். கசக்கும் கிழங்கில் நஞ்சுண்டு. அவித்த நீரை இறுத்துக் கொட்டவேண்டும் என்பதைச் சோதனைக்கூடம் காணாத நம் தாய்மார் பட்டறிவால் கண்டனர். ஏட்டில் ஏறாவிடினும் அதுவும் அறிவியலே!

1942 முதல் 1945 வரை மலேயா சப்பானியர் பிடியில் சிக்கியது. அரிசி அரிதாயிற்று. தோட்டத் தமிழரின் உயிரைப் பிடித்து நிறுத்தியது இந்தக் கிழங்குதான்.

அயர்லாந்தின் ஏழைக்கோ உருளைக்கிழங்கே உணவு. பானையில் அவித்து, கூடையில் கொட்டி நீர் வடித்து, குடும்பமே சுற்றி அமர்ந்து மோரோடு உண்டது. துருவி அடையும் சுட்டனர். தோல் பன்றிக்கு, பன்றி விற்ற பணம் நிலக்கிழாருக்கு! விளைந்த தானியமும் வெண்ணெயும் எங்கே? கப்பலேறின! 1845-இல் நுண்ணுயிர் ஒன்று செடியைத் தாக்கிற்று, கிழங்கு அழுகிற்று. சில ஆண்டுகளில் ஏறத்தாழ 10 லட்சம் பேர் மாண்டனர். ஏறத்தாழ அதே தொகையினர் நாடு துறந்தனர். அப்போதும் உணவுக் கப்பல்கள் புறப்பட்டுக்கொண்டுதான் இருந்தன.

இலண்டனில் அமர்ந்து நிவாரணத்தை நடத்திய சார்லஸ் டிரெவெலியன், 1848-இல் அந்தப் பேரழிவை இறைவன் செயல் என்றெழுதினார். அவரே 1859-இல் சென்னை ஆளுநராய் வந்தமர்ந்தார். மறு ஆண்டே போனார். அவர் போனார், அவர் சொன்ன வாதம் போகவில்லை. 1876 முதல் 1878 வரை தாது வருடப் பஞ்சம். 1877-இல் ரிச்சர்டு டெம்பிள் வகுத்த கூலி, வேலை செய்யும் ஆடவனுக்கு நாளொன்றுக்கு 1 ராத்தல் தானியமும் 1 அணாவும்! நம் புதுவைத் துறையிலிருந்தோ, 1853-இலேயே மார்த்தினிக் தீவின் கரும்புத் தோட்டங்களுக்குத் தமிழர் ஒப்பந்தக் கூலிகளாய்ப் புறப்பட்டுவிட்டனர்.

விதி என்றான் புராணிகன். சந்தை என்றான் ஆள்வோன். இரண்டும் ஏழையின் வாய்க்கிட்ட பூட்டுகள். நோய் அழித்தது கிழங்கை. மக்களை அழித்தது, விளைந்ததைப் பங்கிட மறுத்த ஆட்சி!

ஆகவே, கிழங்குண்பதில் இழிவில்லை. கிழங்கைத் தவிர வேறெதுவும் எட்டாதபடி ஒரு மக்களை வைத்திருப்பதே இழிவு. நாணவேண்டியவர் அதைச் செய்தவர்.

மூடியை முழுதும் திறந்து வை, தங்கையே! எங்களுக்கும் ஒரு துண்டு கொடு.