கோவா நட்ட சதுக்கம்: லெனின்கிராட் 1942

ஒரு கறுப்பு வெள்ளைப் படம் இணையத்தில அடிக்கடி சுத்தும். பின்னுக்குப் பெரிய குவிமாடத்தோட புனித ஐசாக் தேவாலயம். முன்னுக்கு வரிசை வரிசையாக் கோவா. இடம் லெனின்கிராட், இண்டைக்கு சென் பீற்றர்ஸ்பேர்க். ஆண்டு 1942. மனிச மனவுறுதி, நம்பிக்கை எண்டு ஏதாவது எழுதிப் பகிர்வினம். படம் பொய்யில்லை. ஆனா அந்தக் கோவாவின்ர கதை அவ்வளவு லேசானதில்லை.

1941 செப்டெம்பர் 8ஆம் திகதி ஜேர்மன் படைகள் நகரத்துக்கான கடைசித் தரைவழியையும் மூடின. அதே நாள் பாடயெவ் உணவுக் களஞ்சியங்கள் குண்டுவீச்சில் எரிந்தன. உள்ளே ஏறத்தாழ 25 இலட்சம் சனம். நகரத்தைப் பிடிப்பதைவிடப் பட்டினி போட்டு அழிப்பதே ஹிட்லரின் திட்டம். நவம்பர் 20 இல் பாண் பங்கீடு ஆகக் கீழே இறங்கியது: தொழிலாளர்களுக்கு நாளுக்கு 250 கிராம், பிள்ளைகள் உட்பட மற்றவர்களுக்கு 125 கிராம். லடோகா ஏரி உறைந்த பிறகு பனிக்கட்டிக்கு மேலால லொறிகள் வந்தன. ஆனாலும் அந்தக் குளிர்காலத்தில் இலட்சக்கணக்கானோர் பட்டினியால் செத்தார்கள்.

1942 மார்ச்சில் நகர நிர்வாகம் முடிவெடுத்தது: பூங்கா, முற்றம், சதுக்கம், வெறும் மண் எங்க இருக்கோ அங்க மரக்கறி. ஆனா அதுக்கு முதல் வேற வேலை இருந்தது. குளிர்காலம் முழுக்கச் சேர்ந்த குப்பை, மலம், சடலங்கள் எல்லாம் பனிக்குள்ள கிடந்தன. பனி உருகினால் கொள்ளைநோய்தான். ஏப்ரல் நடுப்பகுதி வரை, நிக்கவே ஏலாத சனம் கூட்டங்கூட்டமாக வந்து நகரத்தைத் துப்புரவாக்கியது. ஏப்ரல் 15 இல் ட்ராம் திரும்ப ஓடியது. அதுக்குப் பிறகுதான் மண்வெட்டி. ஆம்பிளையளில கனபேர் போர்முனையில. கொத்தினதும், தண்ணி சுமந்ததும், களவு போகாமல் காவல் இருந்ததும் பெரும்பாலும் பெண்கள்.

லெனின்கிராட்டில பயிர் செய்யிறதெண்டால் காலநிலைக்கு வளைஞ்சு குடுக்க வேணும். நகரம் 60 பாகை வடக்கில இருக்கு. மே மாதக் கடைசியிலும் ஒரு இரவு உறைபனி வந்து நாத்தைக் கருக்கிப்போடும். செப்டெம்பர், ஒக்டோபரில் திரும்பவும் உறைபனி. இடையில கிடைக்கிறது நாலு மாதம் மட்டில. அங்கே சேர்யோமுஹா எண்டொரு மரம் வசந்தத்தில் வெள்ளையாகப் பூக்கும். அது பூக்கிற நாட்களில குளிர் ஒருக்காத் திரும்பி வரும் எண்டது ரஷ்யர்களின் கணக்கு. அந்தக் குளிருக்கே அந்த மரத்தின் பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள்.

அதே வடக்கு இன்னொண்டையும் குடுக்குது. ஜூனில் பகல் ஏறத்தாழ 19 மணித்தியாலம். இரவு முழுசா இருட்டாது. இவ்வளவு நீண்ட பகலில சின்ன முள்ளங்கி கிழங்கு வைக்காமல் பூக்கப் பார்க்கும். அதை நேரத்தோட விதைச்சு எடுத்துவிட வேணும். கோவாவுக்கோ குளிர்ந்த காத்தும் ஈரமும் நீண்ட வெளிச்சமும் நல்லாப் பிடிக்கும். உப்புப் போட்டுப் புளிக்க வைச்சால் அடுத்த குளிர்காலத்துக்கும் கிடக்கும். சதுக்கத்தில தக்காளி நிக்காமல் கோவா நிண்டதுக்குக் காரணம் இதுதான்.

விளைச்சல் வரும்வரை சனம் காட்டுச் செடிகளைத் தின்றது. எந்தக் களையை எப்படிச் சமைக்கலாம் எண்டு தாவரவியலாளர்கள் கையேடுகள் எழுதினார்கள். எங்கட காஞ்சோண்டி மாதிரிச் சுணைக்கிற நெட்டில், டன்டிலியன் இலை எல்லாம் சூப்பாகின. விற்றமின் சீ இல்லாமல் முரசு வீங்கி இரத்தம் வடிஞ்சவர்களுக்குப் பைன் ஊசியிலை ஊறின தண்ணி குடுத்தார்கள்.

அந்தக் கோவாப் பாத்திகளுக்குப் பக்கத்திலேயே, அதே ஐசாக் சதுக்கத்தில், இன்னொரு கட்டடம் இருந்தது. நிக்கொலாய் வவிலோவ் உலகம் முழுக்கத் திரிஞ்சு சேர்த்த விதைகளின் நிறுவனம். உள்ளே தொன் கணக்கில் தானியம், அரிசி, நிலக்கடலை. அதைக் காவல் காத்த ஆய்வாளர்கள் விதையில கை வைக்கவில்லை. அரிசிச் சேகரிப்பைப் பார்த்த டிமித்ரி இவானோவ், ஆயிரக்கணக்கான அரிசிப் பொதிகள் சுற்றியிருக்கப் பட்டினியால் இறந்தார். வவிலோவ் அங்கே இல்லை. 1940 இலேயே ஸ்டாலினின் பொலிஸ் அவரைப் பிடித்துவிட்டது. 1943 ஜனவரி 18 இல் முற்றுகையில் முதல் உடைப்பு விழுந்தது. எட்டு நாள் கழித்து, ஜனவரி 26 இல், உலகப் பசியைப் போக்கப் பயிர் தேடின அந்த மனிதர் சரத்தோவ் சிறையில் பசியால் நலிந்து செத்தார்.

சரி, தோட்டங்கள்தான் நகரத்தைக் காப்பாற்றினவா? முழுக்க இல்லை. 1942 கோடையில் உணவு நிலைமை தேறியதற்கு முக்கிய காரணம் லடோகாப் பாதை. மற்றக் காரணம் கசப்பானது: சாப்பிட வாய்கள் குறைந்துவிட்டன. இறந்தவர்களும் வெளியேற்றப்பட்டவர்களும் போக, ஆண்டு முடிவில் நகரத்தில் மிஞ்சியது பத்து இலட்சத்துக்கும் குறைவு. தோட்டம் குடுத்தது பச்சை இலை, விற்றமின், அடுத்த குளிருக்கு ஒரு வாளி கோவா. ஒரு நகரத்தின் கணக்கில அது சின்னன். ஒரு வீட்டின் கணக்கில அது உயிர்.

போருக்குப் பிறகு நடந்ததையும் சொல்லவேணும். முற்றுகை பற்றிய அருங்காட்சியகத்தை 1949 இல் மூடினார்கள். 1942 இல் நகரசபைக்குத் தலைவராக இருந்த பியோத்தர் பொப்கோவை 1950 இல் சுட்டார்கள். அழிவின் கணக்கைப் பேசுவதைவிட வீரத்தைப் பேசுவது அரசுக்கு வசதி.

முற்றுகை, பங்கீடு எண்ட சொற்களுக்கு எங்களில் கனபேருக்கு விளக்கம் தேவையில்லை. 2022 நெருக்கடிக்குள்ள, வெள்ளிக்கிழமை லீவு தாறம், வீட்டுத்தோட்டம் செய்யுங்கோ எண்டு அரச ஊழியர்களுக்குச் சொன்னதும் ஞாபகம் இருக்கும். இரண்டும் ஒண்டில்லை. ஆனா கேள்வி ஒண்டுதான். மண்வெட்டி பிடிச்ச கையைப் புகழேக்க, அந்தக் கையில மண்வெட்டியைத் திணிச்ச பசி ஆர் செய்தது எண்டும் சேர்த்துக் கேக்க வேணும். கோவாப் படத்தில அது தெரியாது. எழுத்திலதான் எழுதி வைக்கலாம்.