வரைபடப் பொருத்தம்

புதிய அளவைப் படத்தை அடிப்படை வரைபடத்தின் மேல் நகர்த்தி, சுழற்றி, அளவு மாற்றி இருத்தும் பணி இது. ஆட்டோகேட் வரைவு மென்பொருளின் ‘அலைன்’ கட்டளைக்கு இரண்டு ஜோடிப் புள்ளிகள் போதும். அந்த எளிமையே அதன் ஆபத்து. நகர்வுக்கு 2, சுழற்சிக்கு 1, அளவுக்கு 1 எனக் கண்டறிய வேண்டியவை 4. இரு புள்ளிகள் தரும் ஆயத்தொலைவுகளும் 4தான். ஆகவே புள்ளியாக எடுக்கும் புலக்கற்களில் (நில எல்லைக் கற்களில்) ஒன்றைத் தவறாகத் தொட்டாலும் படம் பொருந்தியதுபோலவே தெரியும். மூன்றாவது கல்தான் பிழையைக் காட்டிக்கொடுக்கும். 66 அடிச் சங்கிலியில் நூறில் ஒரு பங்கான லிங்க் அளவில் வரைந்த புலப்படம் மீட்டருக்கு மாற 0.201168 மடங்காக வேண்டும். இதிலிருந்து விலகும் மடங்கும் ஓர் எச்சரிக்கையே.

எல்லாக் கற்களும் பொருந்தும்படி ரப்பராய் இழுத்துவிடலாமே என்பர். சுருங்கிய பழைய தாளை நகலெடுத்த படத்துக்கு அது நியாயம். களத்தில் அளந்த நீளங்களால் வரைந்த படத்தை இழுத்தாலோ, அளந்த எல்லையே மாறிப்போகும். அங்கே விலகலை மீட்டரில் குறித்துவைத்து, மறுபடி கல்லைத் தேடிப் போவதே நேர்மை.