திண்ணையும் ஐந்தாம் வகுப்பும்

ஜூன் மாதம் பிறந்தால் திருவண்ணாமலைத் தேரடி வீதியில் சுவாமி தரிசனத்துக்கு வருகிற கூட்டத்தோடு இன்னொரு கூட்டமும் சேர்ந்துகொள்ளும். நோட்டுப் புத்தகமும் அட்டை போடும் காகிதமும் வாங்க வந்த பெற்றோர்களின் கூட்டம் அது. "ஐந்தாவதில் என்னதான் சொல்லிக் கொடுக்கிறார்கள்?" என்று அவர்களில் ஒருவரைக் கேட்டுப் பாருங்கள். தமிழ், இங்கிலீஷ், கணக்கு, அறிவியல், சமூக அறிவியல் என்று விரல் விட்டு எண்ணிவிடுவார். இருநூறு வருஷத்துக்கு முன்னால் இதே ஊரில் பத்து வயதுப் பையன் ஒருவனுக்கு என்ன சொல்லிக் கொடுத்திருப்பார்கள் என்று கேட்டால் மட்டும் நம்மைச் சற்று ஏற இறங்கப் பார்ப்பார். இத்தனைக்கும் அந்தப் பாடத் திட்டம் ஒன்றும் ரகசியமில்லை.

அந்தக் காலத்துப் பள்ளிக்கூடம் என்பது பெரும்பாலும் ஒரு வீட்டுத் திண்ணை. ஒரு வாத்தியார், ஒரு பிரம்பு, கொஞ்சம் மணல். இவ்வளவுதான் தளவாடம். பையன் முதலில் மணலில் விரலால் எழுதுவான். விரல் தோலுரிந்து எழுத்து மனசில் பதிந்த பிறகு ஓலையும் எழுத்தாணியும் கைக்கு வரும். ஆத்திசூடி, கொன்றை வேந்தன், வெற்றி வேற்கை, மூதுரை, நல்வழி எல்லாம் நெட்டுரு. பொருள் பிற்பாடு தெரிந்துகொள்ளலாம் என்பது அக்காலத்துக் கொள்கை. அறுபது வருஷப் பெயர்களும் இருபத்தேழு நட்சத்திரங்களும் இதில் சேர்த்தி. அமாவாசை, பௌர்ணமிக்கு 'வாவு' விடுமுறை. நவராத்திரி வந்தால் பிள்ளைகள் கோலாட்டக் கழியோடு வீடு வீடாய்ப் பாடிக்கொண்டு போவார்கள். கிடைக்கிற வேஷ்டியும் காசும் வாத்தியாருக்கு. அவருடைய வருஷ வருமானத்தில் அதுதான் கனமான பகுதி.

கணக்குத்தான் உண்மையில் பிரமிக்க வைப்பது. எண்சுவடி என்ற ஒரு சுவடிக்குள் ஊரின் வாழ்வு முழுவதும் அடங்கிக் கிடந்தது. இன்றைக்கு ஐந்தாம் வகுப்புப் பிள்ளை பின்னம் என்றாலே மிரளுகிறான். திண்ணைப் பையனுக்குப் பின்னமெல்லாம் பெயர் சொல்லிக் கூப்பிடுகிற தோழர்கள். நாலில் ஒன்று கால், எட்டில் ஒன்று அரைக்கால், பதினாறில் ஒன்று மாகாணி, இருபதில் ஒன்று மா, எண்பதில் ஒன்று காணி. அதையும் நாலாய்ப் பங்கிட்டால் முந்திரி. அதாவது 320இல் ஒரு பங்கு. இதற்குக் கீழேயும் படிகள் உண்டு. நாம் அவ்வளவு தூரம் இறங்க வேண்டாம்.

நெல்லிலக்கம் இன்னும் சுவாரஸ்யம். ஐந்து செவிடு ஓர் ஆழாக்கு. இரண்டு ஆழாக்கு ஓர் உழக்கு. இரண்டு உழக்கு ஓர் உரி. இரண்டு உரி ஒரு நாழி. எட்டு நாழி ஒரு குறுணி. இரண்டு குறுணி பதக்கு, இரண்டு பதக்கு தூணி, மூன்று தூணி ஒரு கலம். "கலத்தில் மாகாணி எவ்வளவடா?" என்று வாத்தியார் கேட்பார். கலத்துக்கு 96 நாழியல்லவா? "ஆறு நாழி" என்று பையன் பளிச்சென்று சொல்ல வேண்டும். சற்றுத் தயங்கினாலும் பிரம்பு பேசிவிடும். இது பரீட்சைக்கு மட்டும் உதவுகிற கணக்கல்ல. களத்து மேட்டில் அப்பாவுக்குப் பக்கத்தில் நின்று, அளக்கிறவன் கையையே பார்த்துக்கொண்டு இந்தக் கணக்கை அவன் போட்டாக வேண்டும். அருணாசலேசுவரர் கோயில் சுவர்களிலே விளக்குக்கு நெய் அளந்து வைத்த கல்வெட்டுகளில் வருகிற நாழியும் உழக்கும் இதே குடும்பத்தைச் சேர்ந்தவைதாம்.

வாத்தியார் ஒருவரே ஆனபடியால் பெரிய பையன்கள் சின்னப் பையன்களுக்குச் சொல்லிக் கொடுப்பார்கள். அவர்களுக்கெல்லாம் தலைவன் சட்டாம்பிள்ளை. ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார் 1789 முதல் எழும்பூரில் ராணுவ அநாதைச் சிறுவர் விடுதியை நிர்வகித்து வந்தார். இந்த ஊர்ப் பிள்ளைகள் மணலில் எழுதுவதைப் பார்த்து, அந்த வழியையும் மூத்த மாணவனே இளைய மாணவனுக்கு ஆசானாக இருக்கும் முறையையும் தம் விடுதியில் கையாண்டார். 1797இல் லண்டனில் அதைப் பற்றி ஒரு சிறு நூல் வெளியிட்டார். 'மதராஸ் முறை' என்ற பெயரோடு அது இங்கிலாந்தில் பரவிற்று. நம் சட்டாம்பிள்ளை கப்பலேறிச் சீமைக்குப் போன கதை இது.

இதைப் படித்ததும் சிலருக்கு மார்பு விம்மும். சற்றுப் பொறுங்கள். 1822இல் கவர்னர் சர் தாமஸ் மன்றோ, ராஜதானியில் பள்ளிக்கூடங்கள் எத்தனை, படிப்பவர் எத்தனை பேர் என்று கலெக்டர்களைக் கணக்குக் கேட்டார். 1826 மார்ச்சில் தம் குறிப்பை எழுதினார். சுமார் ஒரு கோடியே இருபத்தெட்டு லட்சம் ஜனங்களுக்கு 12,498 பள்ளிக்கூடங்கள். ஆயிரம் பேருக்கு ஒன்று. வெள்ளைக்காரன் வந்துதான் நமக்கு எழுத்தறிவித்தான் என்று சொல்கிறவர்களுக்கு இது சரியான பதில். ஆனால் அந்தக் கணக்கிலேயே இன்னொரு பக்கமும் இருக்கிறது. பல்லாரி கலெக்டர் காம்ப்பெல் 1823இல் அனுப்பிய அறிக்கையில் அவருடைய ஜில்லாவில் படித்தவர்கள் 6,641 பேர். அதில் பெண் குழந்தைகள் அறுபது! காலையில் முதலில் வருகிற பையனின் உள்ளங்கையில் சரஸ்வதியின் பெயரை எழுதுவார்களாம். இரண்டாவது வருகிறவனுக்குச் சுழி. மூன்றாவது ஆளுக்கு ஓர் அடி, நாலாவதுக்கு இரண்டு. அப்புறம் ஆளுக்கு ஆள் ஏறிக்கொண்டே போகும். இந்தச் சுவையான செய்தியும் அதே அறிக்கையில்தான் இருக்கிறது. சரஸ்வதியின் பெயரை உள்ளங்கையில் எழுதிய பள்ளிக்கூடத்தில் பெண்ணுக்கு இடமில்லை. சேரிப் பிள்ளைக்கோ திண்ணைப் படியே எட்டாது. களத்தில் நெல்லைத் தூற்றியவனின் மகனுக்கு நெல்லிலக்கம் தெரியாது. அளப்பவன் சொன்னதுதான் அவனுக்குக் கணக்கு.

அப்புறம் இங்கிலீஷ் பள்ளிக்கூடம் வந்தது. பூகோளம், சரித்திரம், இலக்கணம் என்று பாடங்கள் தனித்தனியாய்ப் பிரிந்தன. அவற்றின் பிரயோஜனத்தைப் பற்றி இந்த ஊரோடு சம்பந்தப்பட்ட நிகழ்ச்சி ஒன்று உண்டு. 1896 ஆகஸ்டு 29ஆம் தேதி, மதுரையில் வேங்கடராமன் என்ற பதினாறு வயது ஹைஸ்கூல் மாணவர், தண்டனையாக மும்முறை எழுதி வரும்படி சொன்ன பெயின் துரையின் ஆங்கில இலக்கணப் பாடத்தை எழுதிக்கொண்டிருந்தார். இரண்டு முறை எழுதியாயிற்று. மூன்றாவது முறைக்கு மனம் இடம் தரவில்லை, எழுந்துவிட்டார். அண்ணாவின் காலேஜ் சம்பளத்துக்கென்று இருந்த ஐந்து ரூபாயில் மூன்றை எடுத்துக்கொண்டு, வீட்டிலிருந்த தேசப் படத்தைப் புரட்டினார். திருவண்ணாமலைக்குக் கிட்டத்து ஸ்டேஷன் திண்டிவனம் என்று அது காட்டிற்று. படமோ பழசு. விழுப்புரத்திலிருந்து திருவண்ணாமலை வழியாக ரயில் ஓட ஆரம்பித்த விஷயம் அதற்குத் தெரியாது! வண்டியில் வந்த ஒரு மௌல்விதான் சரியான வழியைச் சொன்னார். செப்டம்பர் முதல் தேதி வந்து சேர்ந்தவர்தான் பின்னாளில் ரமண மகரிஷி. அவரது ஞானத்தைப் பற்றிப் பேச எனக்கு யோக்கியதை இல்லை. பாடப் புத்தகம் ஊரைவிடச் சில வருஷங்கள் பின்தங்கியே வரும் என்பதை மட்டும் குறித்துக்கொண்டேன்.

குழந்தைகள் ஐந்தாம் வகுப்பு வரை என்ன படிக்க வேண்டும் என்ற கேள்வி ஒரு மந்திரிசபையையே உலுக்கியதும் உண்டு. 1953இல் ராஜாஜி கிராமத்து ஆரம்பப் பள்ளிகளுக்கு ஒரு புதிய திட்டம் கொண்டுவந்தார். பள்ளிக்கூடம் தினம் மூன்று மணி நேரம். மீதிப் பொழுதில் பிள்ளைகள் பெற்றோரின் தொழிலைக் கற்கலாம். பள்ளிகள் குறைவு, பணம் குறைவு, கைத்தொழிலும் கல்விதானே என்பது அவர் தரப்பு. வாதம் கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் குயவர் மகனுக்குச் சக்கரமும் வண்ணார் மகனுக்கு வெள்ளாவியும் என்று பிறப்பே பாடத் திட்டம் வகுத்துவிட்டால், அவன் வேறு எதைக் கற்பது எப்போது? 'குலக்கல்வி' என்று பெரியார் வைத்த பெயர் ஒட்டிக்கொண்டது. 1954 ஏப்ரலில் காமராஜ் முதல் மந்திரியானார். அடுத்த மாதமே திட்டம் போயிற்று. 1956இல் மதிய உணவு வந்தது. திண்ணையில் ஏற முடியாதவர்களின் பேரப்பிள்ளைகள் தட்டேந்தி உட்கார்ந்து, சாப்பிட்ட கையோடு வாய்ப்பாடும் படித்தார்கள். அந்த வாய்ப்பாடே அதற்குள் மாறிவிட்டது. 1957 ஏப்ரல் முதல் தேதியிலிருந்து ரூபாய்க்கு நூறு நயா பைசா. பதினாறு அணாவும் 192 தம்பிடியும் பாட்டிகளின் சொத்தாயின. பின்னாலேயே கிலோவும் லிட்டரும் வந்து, மாகாணியை ஊரை விட்டே அனுப்பிவிட்டன.

2019இல் ஐந்தாம் வகுப்புக்கும் எட்டாம் வகுப்புக்கும் பொதுப் பரீட்சை என்று தமிழ்நாட்டு சர்க்கார் உத்தரவு போட்டது. பத்து வயதுக் குழந்தைக்குப் பொதுப் பரீட்சையா என்று பெற்றோர்கள் பதறினார்கள். தோற்ற பிள்ளை பள்ளியை விட்டே நின்றுவிடும், அதுவும் முதலில் நிற்பது பெண் குழந்தைதான் என்று ஆசிரியர்கள் சொன்னார்கள். பல்லாரியின் அந்த அறுபது பேரை நினைத்தால் அந்தப் பயம் வீண் பயமாகத் தோன்றவில்லை. 2020 பிப்ரவரி 4ஆம் தேதி உத்தரவு ரத்தாயிற்று.