இரவின் இரசாயனமும் ஒரு மூலிகையின் பயணமும்

கோவையிலிருந்து சத்தியமங்கலம் செல்லும் சாலையிலுள்ள சரவணம்பட்டி, கடந்த கால் நூற்றாண்டில் தகவல் தொழில்நுட்ப நிறுவனங்களின் ஊராக மாறியுள்ளது. கடல்கடந்த நாடுகளின் பகற்பொழுதுக்கேற்ப இங்கே இரவெல்லாம் பணிபுரிவோர் உண்டு. அவர்களுள் நம் பிள்ளைகளும் உளர். விடிந்தபின் வீடு திரும்பியும் உறக்கம் வாராது தவிக்கும் அவர்களை ஒழுங்கற்றவர்கள் என்று கடிந்துகொள்ளும் பெற்றோரும் உண்டு. அக்கண்டிப்பு நியாயமானதா? உறக்கம் பற்றிய அறிவு வளர்ந்த வரலாறு இதற்கு விடை தருகிறது. அவ்வரலாற்றின் ஒரு கிளை, தில்லியின் யூனானிக் கல்லூரியொன்றின் வழியே செல்கிறது என்பது குறிப்பிடத்தக்கது.

இப்னு சீனா (980–1037) தமது 'அல்கானூன்' என்னும் பெருநூலில், உடல்நலத்துக்கு இன்றியமையாத ஆறு காரணிகளுள் ஒன்றாக உறக்கத்தையும் விழிப்பையும் ஒருசேர வைத்தார். இவ்விரண்டும் உடலுக்குள் எவ்வாறு பிணைந்துள்ளன என்பது 20ஆம் நூற்றாண்டில்தான் துலங்கிற்று.

உறக்கமின்மைக்கும் சித்தக் கலக்கத்துக்கும் இந்திய மருத்துவர்கள் நெடுங்காலம் பயன்படுத்திய மூலிகை சர்ப்பகந்தி. ஹகீம் அஜ்மல் கானின் ஊக்கத்தால் திப்பியா கல்லூரியில் ஆய்வுப் பொறுப்பேற்ற வேதியியலாளர் சலீமுஸ்ஸமான் சித்தீகி, 1931இல் அதன் வேரிலிருந்து ஆல்கலாய்டுகளைப் பிரித்தெடுத்தார்; அவற்றுள் ஒன்றுக்கு, 1927இல் மறைந்த ஹகீமின் நினைவாக 'அஜ்மலின்' எனப் பெயரிட்டார். அதே வேரிலிருந்து 1952இல் சுவிட்சர்லாந்து ஆய்வாளர்கள் ரெசர்பினைப் பிரித்தனர். அம்மருந்து உடலின் செரட்டோனின் சேமிப்பைக் கரைத்துவிடுகிறது என்பதை 1955இல் அமெரிக்காவில் பெர்னார்ட் பிராடியின் குழு கண்டறிந்தது. நரம்புச் செய்தியைக் கடத்தும் இப்பொருளின்மீது ஆய்வுலகின் கவனம் குவிந்தது.

1958இல் யேல் பல்கலைக்கழகத்தின் தோல் மருத்துவர் ஆரன் லெர்னர், தோலின் நிறமாற்றத்தை ஆராயும்போது, மாடுகளின் பினியல் சுரப்பியிலிருந்து மெலட்டோனினைப் பிரித்தார். இருபொருளுக்கும் உள்ள உறவு 1960இல் தெளிவாயிற்று. பிராடியிடம் முன்னர்ப் பணியாற்றிய ஜூலியஸ் ஆக்சல்ராட், ஹெர்பர்ட் வைஸ்பாக் என்பவரோடு சேர்ந்து, செரட்டோனினிலிருந்து மெலட்டோனினை உருவாக்கும் நொதியைக் கண்டறிந்தார். உறக்க ஹார்மோன் என நாம் அழைப்பது, செரட்டோனினின் உருமாற்றமே.

இம்மாற்றத்தை ஏவுவது இருள். பகலில் பினியல் சுரப்பியில் செரட்டோனின் மிகுந்திருக்கும். விழித்திரையில் ஒளி படாத இரவில், மூளையின் கடிகாரம் அனுப்பும் ஆணையால் நரம்பு முனைகள் நார்அட்ரினலினைச் சுரக்கும். அதன் தூண்டுதலால் நொதிகள் விழித்தெழுந்து, செரட்டோனினை மெலட்டோனினாக்கும். ஒளி பட்டால் இவ்வேலை நின்றுபோகும். கடும் ஒளி மனிதரிடமும் மெலட்டோனினை ஒடுக்குகிறது என 1980இல் ஆல்ஃபிரட் லூயியின் குழு மெய்ப்பித்தது.

ஆகவே இரவெல்லாம் விளக்கொளியில் அமர்ந்து, காலை வெயிலில் வீடு திரும்பும் இளைஞனின் உடற்கடிகாரம் அவனைப் பகலுக்கு உரியவனாகவே கொள்கிறது. மன உறுதி மட்டும் அதை மாற்றிவிடாது. இரவுப் பணி புற்றுநோய்க்குக் காரணமாகக்கூடும் என 2007இல் உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை வகைப்படுத்தி, 2019இல் அதனை உறுதிசெய்தது.

திருக்குர்ஆனின் 'அந்நபா' அத்தியாயம் உறக்கம், இரவு, பகலின் வாழ்வாதாரம் மூன்றையும் அடுத்தடுத்துப் பேசுகிறது. பகலும் இரவும் இடம் மாறிய பிள்ளைகளுக்கு இருண்ட அறையும் அமைதியான வீடும் தருவது நம் கடமை. அவர்களின் பணிநேரத்தை வகுப்போரிடம் இந்த அறிவை எடுத்துரைப்பதும் நம் கடமையே.