பருத்தி வயல் கோல்ஃப் மைதானமான கதை

அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில், ஃபீனிக்ஸ் நகருக்கு வடமேற்கே மாரினெட் என்றொரு சிற்றூர் இருந்தது. அங்கே சராசரி ஆண்டு மழை 200 மில்லிமீட்டருக்கும் குறைவு. ஆனாலும் நிலத்தடி நீரை இறைத்துப் பருத்தி விளைவித்தார்கள். டயருக்குள் பதிக்கும் வலுவான நூலுக்காக குட்இயர் நிறுவனம் இந்த வட்டாரத்தில் நீண்ட இழைப் பருத்தி பயிரிட்டது. பின்னர் மாரினெட் நிலம் பாஸ்வெல் என்ற பெரிய பருத்திப் பண்ணை நிறுவனத்தின் கைக்குப் போனது.

அந்த நிலத்தின் தலையெழுத்தை மாற்றியவர் டெல் வெப். தச்சராக வாழ்க்கையைத் தொடங்கி, பெரும் கட்டுமான அதிபரானவர். அங்கே ஓய்வுபெற்றவர்களுக்காகவே சன் சிட்டி என்ற ஊரை அமைக்கத் திட்டமிட்டார். ஓய்வுபெற்றவர்கள் சொந்தபந்தங்களை விட்டுவிட்டு வெயில் கொளுத்தும் பாலைவனத்துக்கு வருவார்களா என்று பலர் சந்தேகப்பட்டார்கள். வாக்குறுதியை நம்பி வயதானவர்கள் வீடு வாங்க மாட்டார்கள், கண்ணால் பார்த்தால்தான் வாங்குவார்கள் என்று வெப்பின் குழு கணக்குப் போட்டது. அதனால் கோல்ஃப் மைதானம், கடைத்தெரு, பொழுதுபோக்கு மையம் ஆகியவற்றை முதலில் அமைத்தது. 1960 ஜனவரி 1 அன்று சன் சிட்டி திறக்கப்பட்டபோது காட்டுவதற்கு இருந்தவை ஐந்தே மாதிரி வீடுகள். அந்த வார இறுதியில் மட்டும் சுமார் 1 லட்சம் பேர் வந்து பார்த்தார்கள். 1962-இல் டைம் இதழின் அட்டையில் வெப்பின் முகம் வந்தது.

அதுவரை கோல்ஃப் என்றால் பெரும்பாலும் பணக்கார கிளப்புகளின் ஆட்டம். இங்கே அது தபால்காரராகவும் ஆசிரியராகவும் இருந்து ஓய்வுபெற்றவர்களின் காலை நடையாக ஆனது. இன்று ஊரில் பொழுதுபோக்கு மையங்களின் பொறுப்பில் எட்டு மைதானங்கள் உள்ளன. குடியிருப்போரின் லாப நோக்கற்ற அமைப்பே அவற்றை நடத்துகிறது. பங்குதாரருக்கு லாபம் காட்ட வேண்டிய கட்டாயம் இல்லாததால் கட்டணத்தை ஓய்வூதியத்துக்குள் அடக்க முடிகிறது.

நிலமும் ஆடுபவருக்கு ஒத்தாசை செய்கிறது. பாசனப் பருத்தி வயல் என்பதால் தரை தட்டை. மூட்டுவலிக்காரரும் மேடேற வேண்டியதில்லை. வலு குறைந்தவர்கள் இலக்குக்குச் சற்று அருகிலிருந்தே முதல் அடியைத் தொடங்கலாம். பதினெட்டுக் குழிகள் அதிகம் என்பவர்களுக்கு குவெயில் ரன் மைதானத்தில் ஒன்பதே குழிகள். வீட்டிலிருந்து கோல்ஃப் வண்டியிலேயே தெருவழியாக வந்து சேரலாம்.

பச்சையைக் காப்பது பெரும்பாடு. கோடையில் வெயில் 45 டிகிரியைத் தொட்டாலும் தழைப்பது பெர்முடா புல். நாம் பிள்ளையாருக்குச் சாத்தும் அருகம்புல்தான் அது. மைதானங்களில் பெரும்பாலும் அதன் கலப்பின வகைகளை வளர்க்கிறார்கள். ஆனால் குளிர் வந்தால் அது வைக்கோல் நிறமாகி உறங்கிவிடும். குளிர்காலம்தான் கனடாவிலிருந்தும் வட மாநிலங்களிலிருந்தும் ஆட்கள் வந்து குவியும் பருவம். ஆகவே அக்டோபரை ஒட்டி மைதானத்தைச் சில வாரங்கள் மூடுகிறார்கள். அருகை மண்ணோடு ஒட்ட வெட்டி, அதன்மேல் ரை புல் விதையைத் தூவி, முளைவிடும் வரை ஈரம் காயாமல் ஒரு நாளைக்குப் பலமுறை தண்ணீர் தெளிக்கிறார்கள். நவம்பரில் புதுப் பச்சை. வெயில் ஏறியதும் ரை மடியும். கீழே உறங்கிய அருகு எழும்பும்.

தண்ணீர்தான் இந்தக் கதையின் கடினமான கட்டம். 1980-இல் அரிசோனா நிலத்தடி நீர்ச் சட்டம் கொண்டுவந்த பிறகு, ஃபீனிக்ஸ் வட்டாரத்தின் பெரிய கோல்ஃப் மைதானங்கள் எவ்வளவு இறைக்கலாம் என்பதற்கு வரம்பு உண்டு. 2021-இல் இந்த வட்டாரத்துக்கும் தண்ணீர் தரும் கொலராடோ ஆற்றில் முதல்முறையாகத் தண்ணீர்ப் பற்றாக்குறை அறிவிக்கப்பட்டது. பந்து விழாத ஓரங்களில் புல்லை எடுத்துவிட்டுப் பாலைவனச் செடிகளை வளர விடுவதும், குளிர்கால விதைப்பின் பரப்பைக் குறைப்பதும் தவிர்க்க முடியாதவை.

விளையாட்டு வீரர்களின் திறமையைச் சோதிக்கும் மைதானங்கள் உலகில் ஏராளம். முதுமையில் மனிதர்களை வீட்டைவிட்டு வெளியே வரவழைக்கும் மைதானங்கள் குறைவு. அத்தகைய ஒன்று நிலைக்க வேண்டுமானால், அதன் பச்சை பாலைவனத்தின் தண்ணீர்க் கணக்குக்குக் கட்டுப்பட்டே ஆக வேண்டும்.